குடம் நிற்காத இடுப்பு

பேட்டையில் குடைக்கம்பி கட்டிப் பிழைத்த என்னைத் திருநெல்வேலிக் கல்லூரியின் எலும்புக் காட்சி அறைக்கு வேலைக்கு எடுத்தது, கம்பி முறுக்கத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காகத்தான். ஜெர்மன் யுத்தத்துக்கு ஓரிரு வருஷம் முந்தி நடந்த சங்கதி. மூன்று மாதத் தவணை. பார்வையிட வரும் துரைக்குத் திருப்தியானால் வேலை நிரந்தரம்.

என் முதல் வேலை, தூத்துக்குடியில் கப்பலிறங்கி வந்த ஒரு பெட்டி. உள்ளே ஒரு மனிதன், ஒரு சிம்பன்சி, இருவரும் எலும்பாக. மற்ற எலும்புகளில் பெயர்ச் சீட்டு இருந்தது. இடுப்பெலும்பு இரண்டிலும் ஈரத்தில் சீட்டு உதிர்ந்துவிட்டது. ஒன்று நெட்டையாக, தட்டையாக இருந்தது. மற்றது குட்டையாக, அகன்று, கிண்ணம் போல வளைந்திருந்தது. பேராசிரியர் சென்னைக்குப் போயிருந்தார். நெட்டை ஆளுக்கு நெட்டை இடுப்பு என்று நானே தீர்ப்பு எழுதிக் கட்டிவிட்டேன்.

மனிதனின் தொடையெலும்புத் தலை இடுப்புக் குழியில் இறங்க மறுத்தது. கப்பலில் ஊறிப் பெருத்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். குரங்குக்குத் தொளதொளவென்று ஆடியது. மெழுகை அடைத்தேன். என் அறிவை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

துரை வரும் நாள் காலையில்தான் பேராசிரியர் திரும்பினார். வாசலில் நின்றபடியே மனிதனைப் பார்த்தார்.

"ஏன்வே, உம்ம ஆளு கீழ விழுந்த ஊசியத் தேடுதானா? இப்படிக் குனிஞ்சு நிக்கான். நான் ஸ்டேசனுக்குப் போயி தொரையக் கூட்டிட்டு வாரதுக்குள்ள நிமித்தும். இல்லன்னா உமக்குப் பேட்டைதான்."

கம்பியை இழுத்து முறுக்கினேன். அவன் நிமிரவே இல்லை.

அறைக்கு ஆற்றுத் தண்ணீர் கொண்டுவரும் இசக்கியம்மாள் இடுப்புக் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள்.

"அண்ணாச்சி, இவன் இடுப்புல குடம் எங்கன நிக்கும்? பக்கவாட்டுல ஏந்தவே இல்லயே, வழுக்கிட்டுல்லா போவும். அந்தக் குரங்கப் பாருங்க, என்னமா வளைஞ்சு தாங்குது. மாத்தி வச்சிட்டியளோ?"

அவள் குடம் இருந்த இடத்தைப் பார்த்தேன். குரங்கைப் பார்த்தேன். குடத்தை இறக்கச் சொல்லி, மனிதனின் தோளை அவளைப் பிடிக்கவைத்து, இரண்டு இடுப்பையும் பிரித்து மாற்றினேன். தொடையெலும்பு குழியில் பைய இறங்கி உட்கார்ந்தது. ஆள் நிமிர்ந்துவிட்டான்.

துரை வந்தார். குரங்கினத்துக்கும் நமக்கும் முன்னோர் ஒருவரே என்றும், நம் வழியில் வந்தவர்கள் இரண்டு காலில் நடக்க நடக்க இடுப்பு குட்டையாகி, அகன்று, பக்கங்களில் வளைந்து, உடலைத் தாங்கும் கிண்ணமானது என்றும் பேராசிரியர் விளக்கினார். கட்டியது யார் என்று துரை கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தப்பாக் கட்டுனது நான். கண்டுபிடிச்சது இந்த அம்மா."

பேராசிரியர் திகைத்தார். "காலையில நான் பாத்தது குரங்கிடுப்பா வே? நானும் பாத்துட்டுத்தான போனேன்." முதலில் சிரித்தவர் அவர்தான். துரை என் பெயரை எழுதிக்கொண்டார். வேலை நிலைத்தது.

எல்லாரும் போனபின் இசக்கியம்மாள் மனிதனின் இடுப்பைத் தட்டிப் பார்த்தாள்.

"இனி குடம் நிக்கும். நின்னு என்னத்துக்கு? ஆம்பள எலும்பு, ஆத்துக்கா போவப் போவுது?"

சாயங்காலம் வீட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். தெருவே சிரித்தது. குடம் நின்றது.