பெரியப்பா வீட்டு ஃபேக்ஸ்

எனக்கு ஒன்பது வயதான கோடையில் நாங்கள் ஜெர்மனியில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் போனோம். நான் பிறந்ததிலிருந்து எங்கள் குடும்பம் கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரை விட்டுப் போன அதிகபட்ச தூரம் லாஸ் ஏஞ்சலஸ்தான்.

பெரியப்பாவுக்கு ஒரே மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. எனக்கு ஜெர்மன் ஒரு சொல்கூடத் தெரியாது. பொதுவாக இருந்தது தமிழ் ஒன்றுதான். வீட்டில் அம்மா தமிழில் கேட்பதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொல்லியே வளர்ந்தவள் நான். அங்கே போன நாலாம் நாள் தமிழில் சண்டை போட்டேன். இரண்டாம் வாரம் தமிழில் ரகசியம் பேசினேன். அக்கா என்று கூப்பிட எனக்கு ஓர் ஆள் கிடைத்ததும் அப்போதுதான்.

மூன்று வாரமும் நல்ல வெயில். காலையில் பெரியம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கட்டிக் கொடுப்பார். நானும் அக்காவும் சைக்கிளில் ஊர் நீச்சல் குளத்துக்குப் போய்விடுவோம். ஒன்பது மணிக்குக்கூட இருட்டாத ஊர் அது.

கடைசி வாரத்தில் அப்பாவும் அம்மாவும் அமெரிக்கத் தூதரகத்துக்கு விசா வாங்கப் போனார்கள். அமெரிக்காவில் பிறந்த எனக்கு அது தேவையில்லை. அவர்கள் பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரையின் காலம் முடிந்திருந்தது, புதியது இல்லாமல் திரும்ப உள்ளே போக முடியாது. அப்பா அப்போதுதான் கம்பெனி மாறியிருந்தார். புதுக் கம்பெனியிலிருந்து இன்னொரு கடிதம் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விமானம்.

“லெட்டர் வரலன்னா டிக்கெட்ட மாத்தணும். இன்னும் எத்தனை நாள் ஆகுமோ,” என்று அம்மா பெரியம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இதைவிட நல்ல செய்தி எனக்கு என்ன இருக்க முடியும்?

புதன்கிழமை மாலை எல்லாரும் தோட்டத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஈர டவலைப் போட நான் உள்ளே வந்தபோது, பெரியப்பாவின் மேஜை மேலிருந்த ஃபேக்ஸ் மெஷின் முனகத் தொடங்கியது. வழவழப்பான காகிதம் சுருண்டுகொண்டே வெளியே வந்தது. மேலே அப்பாவின் கம்பெனிப் பெயர். நான் அதைக் கிழித்து, நாலாக மடித்து, மாடியில் இருந்த பேட்மின்டன் மட்டையின் உறைக்குள் வைத்து ஜிப்பை மூடினேன். பிறகு தோட்டத்துக்குப் போய் பிஸ்கட் சாப்பிட்டேன். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் அப்பா நீச்சல் குளத்துக்கு எங்களோடு வந்தார். முழு பேன்ட்டும் ஷூவுமாகப் புல்லில் உட்கார்ந்து, நாங்கள் குதிப்பதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ்கிரீம் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் வாங்கித் தர மறந்தார்.

மாலையில், கலிபோர்னியாவில் ஆபீஸ் திறந்ததும் போன் செய்தார். நின்றுகொண்டே பேசினார். நேற்றே அனுப்பிவிட்டதாக அந்தப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும். “ஸாரி, ஸாரி” என்றார் அப்பா. இன்னொரு முறை அனுப்ப முடியுமா என்று கேட்டுவிட்டு மறுபடியும் ஸாரி. அப்பா ஒருவரிடம் அப்படிக் கெஞ்சி நான் அதுவரை கேட்டதில்லை.

“மெஷின்லதான் ஏதோ கோளாறு. அனுப்புறதுக்குள்ள சரி பண்ணிடலாம்டா,” என்றார் பெரியப்பா. அவர் கார்த் தொழிற்சாலையில் இன்ஜினியர். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து, பத்தே நிமிடத்தில் அந்த மெஷினை முப்பது நாற்பது துண்டுகளாக ஆக்கி ஒரு செய்தித்தாளின் மேல் பரப்பிவிட்டார். அதில் எதை எங்கே திரும்பப் பொருத்துவது என்று அவருக்கே சந்தேகம் வந்தது முகத்தில் தெரிந்தது. அம்மா கதவோரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் மாடிக்குப் போய் காகிதத்தை எடுத்துவந்து அப்பாவிடம் நீட்டினேன். சோஃபாவுக்குப் பின்னால் விழுந்திருந்தது என்றேன். இங்கிலீஷில் சொன்னேன். மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான் இங்கிலீஷ் பேசியது அப்போதுதான். பொய் சொல்ல அதுதான் வசதியாக இருந்தது.

சோஃபாவுக்குப் பின்னால் விழும் காகிதம் தானாக நாலாக மடிந்துகொள்ளாது. அப்பா மடிப்புகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காகிதத்தைத் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் மெதுவாக நீவினார்.

“மெஷின் நல்லாதான் இருக்குண்ணா. மாட்டிடுங்க,” என்றார்.

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை முத்திரை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்தில் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். “அடுத்த சம்மர் கண்டிப்பா வரணும்,” என்றார் பெரியப்பா. அப்பா தலையாட்டினார்.

அடுத்த கோடையில் நாங்கள் போகவில்லை. அதற்கடுத்த கோடையிலும் இல்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் நான் கேட்பேன், “பாக்கலாம்” என்பார் அப்பா. திரும்பி வர முத்திரையே தேவைப்படாத கிரீன் கார்டு வருவதற்குள் நான் ஹைஸ்கூலை முடித்துவிட்டேன். அதுவரை அவர் அமெரிக்க எல்லையைத் தாண்டவே இல்லை.

அத்தனை வருடமும் நான் அதை எனக்கான தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன். ஃபேக்ஸை ஒளித்துவைத்த கோபம் இன்னும் போகவில்லை என்று நினைத்து, வீட்டில் மிக நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன். அப்பா பயந்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.