பின்சக்கரம் சுற்றாத காலை

பல ஊர்களில் பல வேலை பார்த்திருக்கிறேன். திருப்பூரில் பனியனுக்குப் பிசிர் வெட்டினேன், சூரத்தில் சேலை மடித்தேன், சில காலம் குட்டியானை வண்டி ஓட்டிக் கடைகளுக்குச் சரக்கு இறக்கினேன். மழைக்காலத்தில் எங்காவது பழைய வண்டி ஒன்று நகராமல் நிற்பதைப் பார்த்தால், தலைநகரில், ஜங்புராவில் மதராசி கேம்ப் குடிசைகள் இன்னும் இருந்த நாளில், எங்கள் வீட்டுச் சாமான்களோடு நின்றுபோன சித்தப்பாவின் பிக்கப் நினைவுக்கு வரும்.

அந்த மழைக்காலத்தில்தான் அப்பா செத்துப்போனார். சாக்கடை அடைப்பு எடுக்க இறங்கியவர் மேலே வரவில்லை. காரியம் முடிந்த கையோடு, அம்மாவைக் கூட்டிப்போக உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து மாமா வந்தார். புருஷன் போன பெண்ணை அண்ணன் வந்து தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது எங்கள் வழக்கம். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களும் உண்டு. ஆனால் மாமா பீரோ, கட்டில், அடுப்பு, தண்ணீர் டிரம் வரை எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னார். ஆள் இல்லாத குடிசையை நாலு நாளில் வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள். அம்மா லோதி ரோடு குவார்ட்டர்ஸில் சில வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கத்திலேயே தமிழ்ப் பள்ளியில் படித்தேன். ரயில் ஏறினால் எல்லாம் அதோடு சரி.

அம்மா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தங்கையின் பாரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள இவ்வளவு தூரம் வந்த அண்ணனிடம், துக்க வீட்டில் நின்றுகொண்டு எதிர்ப்பேச்சுப் பேச அவளுக்கு நா எழவில்லை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. ஓக்லா மண்டியிலிருந்து காய்கறி ஏற்றுவார். அவருடைய பிக்கப்பில் ஹேண்ட்பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்துப் போயிருந்தது. இழுத்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், இறக்கினாலும் விடாது. அதனால் அவர் அதைத் தொடுவதே இல்லை. சாக்கடை ஓரத்துச் சரிவில் பின்சக்கரத்துக்குச் செங்கல் அடைகொடுத்துத்தான் நிறுத்துவார். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

முந்தின நாள் சாயங்காலமே சாமான்களை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டியாகிவிட்டது. காலையில் அம்மா சாமி படங்களையும் அப்பா படத்தையும் கேபினில் வைக்கப் போனாள். போனவள் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

நான் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி, படங்களை மடியில் வைத்துக்கொண்டேன். சாவியைத் திருகப்போன சித்தப்பாவின் கண் கீழே போனது. ஹேண்ட்பிரேக் மேலே தூக்கி நின்றது. அவர் அதையே பார்த்தார். கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் அதை இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வண்டி முன்னால் போகப் பார்த்து, பின்பக்கம் அமுங்கி, இரண்டு உதறல் உதறி அணைந்தது.

“என்ன மாப்ள?” என்றார் மாமா.

“பின்னாடி பிடிக்குது மச்சான். பாத்துடறேன்.”

குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா, “வண்டிக்கே ஊருக்குப் போவ மனசில்ல போலருக்கு” என்றாள். 

சித்தப்பா முன்சக்கரங்களுக்கு அடைகொடுத்து, பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கினார். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. மறுபக்கமும் அப்படித்தான். பிறகு பிரேக் டிரம்முக்குப் பின்னால், எண்ணெயை வெளியே விடுகிற நிப்பிளை ஸ்பானர் போட்டுத் தளர்த்தினார். பிரேக் எண்ணெய் சொட்டியது. சக்கரத்துச் சிலிண்டரில் எண்ணெயின் அழுத்தம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால், அதைத் திறந்துவிட்டதும் சக்கரம் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. நான் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவும் நிப்பிளை இறுக்கினார், திரும்பவும் தளர்த்தினார், திரும்பவும் சுற்றினார். மண்டிக்குப் போகிற அவசரத்தில் கால் மணி நேரத்தில் கிளட்ச் ஒயர் மாற்றுகிற மனிதர், அன்றைக்கு ஒரு போல்ட்டைத் துடைக்கவே அத்தனை நேரம் எடுத்துக்கொண்டார்.

மாமா மணி பார்த்தார். “ஜல்தி ஜல்திங்கிறாங்களே உங்க ஊர்ல, அது எங்க மாப்ள? வேற டெம்போ கூப்புடு, மாத்திக்கலாம்.”

“கட்டெல்லாம் பிரிக்கணும் மச்சான். இதோ ஆயிடும்.”

இன்னும் வெகுநேரம் கழித்து, சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “வீல் சிலிண்டர் ஜாம் ஆயிடுச்சு. புதுசு வாங்கணும். கரோல் பாக் போனாத்தான் கெடைக்கும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “எண்ணெயத்தான் தெறந்து விட்டீங்களே சித்தப்பா, அப்பவும் சுத்தலியே” என்றேன்.

“பெரியவங்க பேசுறப்ப என்ன வாயி? போ, போயித் தண்ணி எடுத்தா” என்றாள் அம்மா. அப்பா போன பிறகு அவள் என்னை அதட்டியது அதுதான் முதல் முறை.

நான் போகவில்லை. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் குனிந்தார். ஊரில் டிராக்டர் ஓட்டுகிறவர்; அதைப் பிரித்து மாட்டுகிறவரும் அவர்தான். கையை உள்ளே விட்டுக் கேபிளை விரலால் சுண்டிப் பார்த்தார். அது முறுக்கேறிய கொடிக்கம்பி போல விறைத்திருந்தது. விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்தார். அவருக்கு எதிரே, வண்டிக்கு அந்தப்பக்கம், அம்மாவின் கால்கள் மட்டும் தெரிந்தன.

எழுந்து துண்டால் கையைத் துடைத்தார்.

“சிலிண்டர்தான் மாப்ள. இன்னிக்கு ஆவுற வேலையில்ல இது.”

பிறகு அம்மாவிடம் வந்தார். “ஊர்ல கேட்டா, வண்டி மக்கர் பண்ணிடுச்சுன்னு சொல்லிக்கறேன். நீ சாமான எறக்கிக்கம்மா. புள்ள படிப்பு கெட வேணாம்.”

அம்மா தலையாட்டினாள். மாமா தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டார். என் தலையில் கை வைத்தார். ஸ்டேஷனுக்குப் பஸ் பிடிக்கத் தனியாக நடந்தார். அவர் சந்து முனையில் திரும்பி மறையும் வரை பார்த்திருந்துவிட்டு, அம்மா தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். பீரோவை இறக்க அக்கம்பக்கத்து ஆட்கள் வந்தார்கள்.

எல்லாம் உள்ளே போன பிறகு சித்தப்பா வண்டிக்கடியில் படுத்து, டிரம்முக்குப் பின்னால் கேபிள் நுழைகிற இடத்தில் சொட்டு எண்ணெய் விட்டுச் சுத்தியலால் ரெண்டு தட்டுத் தட்டினார். டக்கென்று சத்தம் கேட்டது. மறுபக்கமும் தட்டினார். கையால் சுற்றினால் சக்கரம் சுற்றியது.

“இத காலைலயே தட்டியிருக்கலாமே சித்தப்பா?”

“காலைல தோணல பாப்பா.”

அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். மூன்று பெரியவர்கள் ஒரு காலை முழுக்க நின்றும், எனக்கே தெரிந்த கேபிளைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று நினைத்தேன். பிரேக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள் ஓட்டுகிற வண்டி என்று பயந்து, பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறேன் என்று சித்தப்பா கூப்பிட்டும், கொஞ்ச நாள் நான் அதில் ஏறவே இல்லை.