ரிப்போர்ட் சரியாகத்தான் இருந்தது

அன்று காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்கு ரத்தம் எடுக்க வர வேண்டியவர் பகவதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் தைராய்டு பரிசோதனை. மாத்திரையைப் போடாமல், சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழே கால் ஆயிற்று, ஏழரையும் ஆயிற்று. எனக்கு மூக்கின்மேல் கோபம். லேபுக்குப் போன் போட்டு, "நேரம்னு ஒண்ணு கிடையாதா உங்களுக்கு?" என்று கேட்டேன். ஒரு பெண் குரல் மலையாளத்தில், "ஸ்வாமி அறிஞ்ஞில்லே? பகவதி சேச்சி இன்னலே மரிச்சு போயி" என்றது. எலிக்காய்ச்சலாம். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, முந்தின நாள் போய்விட்டாராம். மடித்த சட்டைக் கையை இறக்கி விடக்கூடத் தோன்றாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தமிழர்கள் நிறைந்த எங்கள் ஸ்ரீவராகத்திலும் கரமனையிலும் பகவதியிடம் கை நீட்டாத வீடு குறைவு. அதனால் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மலரில் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். "தமிழில் நன்றாக எழுதுகிறவர் நீங்கள்தானே" என்றார் செயலாளர். நான் நன்றாக எழுதுவது புகார்க் கடிதம். முப்பத்து மூன்று வருஷம் அரசு அலுவலகத்தில் அடுத்தவர் கோப்பில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினவன். தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் இன்றும் என்னிடம்தான் வருவார்கள். அன்றைக்கே கடிதம் போய்விடும். இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நாலு நாளாக உட்காருவதும் எழுந்து நடப்பதுமாக இருக்கிறேன். ஏனென்றால் இதில் ஒரு தவறைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பகவதி போட்ட ரிப்போர்ட்டை நம்ப முடியாது என்று ஒரு காலத்தில் நம் தெருவில் ஒரு பேச்சு இருந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்.

எனக்குத் தைராய்டு என்பதை முதலில் சந்தேகப்பட்டவரே பகவதிதான். அப்போது அவர் லேபில் மெஷின் பக்கத்து மேசையில் இருந்தார். நான் சர்க்கரை பார்க்கப் போயிருந்தேன். மேட மாதம், சித்திரை வெயில், ஊரே விசிறிக்கொண்டிருக்கிறது, நான் மட்டும் அரைக் கை ஸ்வெட்டரில். கரகரத்த குரலில் பேரைச் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். "சாமிக்கு எப்பவும் இப்படிக் குளுருமா?" என்றார். வயசாகிவிட்டது, அப்படித்தான் என்றேன். பகலெல்லாம் தூக்கம், மலச்சிக்கல், பேப்பர் படித்தால் முதல் பத்தி மறந்துபோவது, எல்லாவற்றையும் வயசின் தலையில்தான் போட்டு வைத்திருந்தேன். "வயசு இப்படி மேட மாசத்துல குளுராது, சாமி. டாக்டர்ட்ட கழுத்தைப் பாக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாண்டாம்" என்றார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து இருபது வருஷம் ஆகியும் அவர் பேச்சில் அந்த ஊர் போகவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். நிறைய ஏறியிருந்தது. கூடியிருக்கிறதென்றால் தைராய்டு அதிகமாக வேலை செய்கிறதா என்று கேட்டேன். கவுண்டரில் நின்றபடியே அவர் சொன்ன விளக்கம் எந்த டாக்டரும் எனக்குச் சொல்லாதது. "கழுத்துல இருக்கவன் தூங்குதான். தலையில இருந்து வேலை வாங்குதவன் அவனை எழுப்பக் கத்துதான். இந்த நம்பர் அந்தக் கத்தல், சாமி. கத்தல் கூடுனா தூக்கம் கூடியிருக்குன்னு அர்த்தம்." உடம்பில் சுரக்காததை மாத்திரையாகக் கொடுக்க வேண்டும், தினமும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. ஸ்ரீவராகத்தில் பிறந்தவனுக்கு விடிந்து ஒரு மணி நேரம் காபி இல்லை என்பது லேசுப்பட்ட விரதம் அல்ல. இருந்தேன். மூன்று மாதத்தில் ஸ்வெட்டர் பெட்டிக்குள் போயிற்று.

ஒரு வருஷம் நன்றாக ஓடியது. பிறகு பழையபடி தூக்கம், பழையபடி குளிர். பரிசோதனையில் நம்பர் ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த முறை இன்னும் ஏறியிருந்தது, மறுபடியும் கூட்டினார். "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? வேறு மருந்து ஏதாவது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. காபிக்கு ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஒரு மருந்தும் இல்லை என்றேன். நான் ஒழுங்காக இருக்கிறேன், மாத்திரையும் ஒழுங்கான மாத்திரை. ஆகவே பிழை லேபில்தான் என்று முடிவு கட்டினேன். வேறொரு லேபில் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதிகம்தான், ஆனால் நம்பர் கொஞ்சம் வித்தியாசம். லேபுக்கு லேப் அப்படி இருக்கும் என்று அவர்கள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அந்த வித்தியாசம் போதும் எனக்கு.

லேப் முதலாளிக்கு இரண்டு பக்கம் எழுதினேன். தேதி வாரியாக, பத்தி பத்தியாக. ரிப்போர்ட்டில் கையெழுத்து பகவதியுடையது என்பதையும் குறிப்பிட்டேன். தெருவிலும் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். இரண்டு வாரத்தில் பகவதியை மேசையிலிருந்து மாற்றி, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து வருஷமாக மெஷினைத் தன் கைபோலப் பழகினவர், தோளில் ஒரு பையோடு காலை ஆறு மணிக்கே தெருவில் நடக்க ஆரம்பித்தார். எனக்கு அப்போது திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படித்தான் அவர் எங்கள் வீட்டுக்குள் முதல்முறையாக வந்தார். முழங்கால் வலியில் நான் லேபுக்கு நடக்கவில்லை. ஆளை அனுப்பச் சொன்னேன், வந்து நின்றது அவர். எனக்கு முகத்தைப் பார்க்கக் கூச்சம், அவருக்கு ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேசையில் கையை நீட்டினேன். பக்கத்தில் அஞ்சறைப்பெட்டி இருந்தது. எங்கள் வீட்டில் அதில் கடுகு மிளகு இல்லை. ஏழு கிண்ணம், ஏழு கிழமை; ஒவ்வொன்றிலும் அன்றன்றைக்கு நான் போட வேண்டியதை என் மனைவி ராஜம் எண்ணி வைத்திருப்பாள். பகவதி ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே பெட்டியைப் பார்த்தார். "சின்னது தைராய்டு. பெருசு என்ன சாமி?"

"அது மருந்து இல்லம்மா. சத்து மாத்திரை. முழங்காலுக்கு எலும்பு டாக்டர் குடுத்தார். கால்சியம்."

"எப்பம் போடுதீங்க?"

"ரெண்டையும் சேத்துத்தான். வெறும் வயத்துல."

"எப்பத்துல இருந்து?"

ராஜம்தான் கணக்குப் போட்டுச் சொன்னாள். நம்பர் ஏற ஆரம்பித்ததற்குச் சரியாகக் கொஞ்சம் முன்னால்.

பகவதி குழாயில் என் பேரை எழுதி ஒட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ரெண்டும் சேந்து போனா அந்தப் பெருசு இந்தச் சின்னதை உடம்புக்குள்ள ஏற விடாது, சாமி. நடுவுல நாலு மணி நேரம் வேணும். டாக்டர்ட்ட கேட்டுக்கிடுங்க." நான் என்னவோ பெரிய சத்தம் எதிர்பார்த்தேன். என் ரிப்போர்ட் சரிதானே என்று கேட்பார், அழுவார் என்று. அவர் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். ராஜம் மட்டும், "ஏன்னா, அந்தப் பொண்ணு மேல என்னென்ன எழுதினேள்?" என்றாள்.

மறுநாளிலிருந்து கால்சியத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினேன். டாக்டரிடம் போகவில்லை. வேறு மருந்து இல்லை என்று அவரிடம் வீறாப்பாகச் சொன்ன வாயால் எப்படிப் போய்ச் சொல்வது? நாலைந்து வாரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒரு இடத்தில் உட்கார முடியாது, கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். அப்போது பகவதி போன் செய்தார். "டாக்டர்ட்ட போனீங்களா சாமி? ஏத்தி வச்ச டோஸ் இப்பம் முழுசா ஏறும். படபடப்பு வரும், வச்சுக்கிட்டு இருக்கப்படாது, இன்னைக்கே போங்க." போனேன். டாக்டர் அளவைக் குறைத்தார், மெல்ல மெல்ல எல்லாம் நேரானது. நான் புகார் எழுதிய பெண், நான் கேட்காமலே என்னை விசாரித்திருக்கிறார்.

அடுத்த பரிசோதனையின் ரிப்போர்ட்டை அவர் கொண்டுவந்தபோது நம்பர் சரியாக இருந்தது. அன்றைக்குத்தான் அவர் தனக்காக ஒன்று கேட்டார். "சாமி, முதலாளிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்த ரிப்போர்ட் சரிதான்னு. எனக்கு என் மேசை வேணும். வெயிலு மழையெல்லாம் பெரிசில்ல. எந்த வீட்டுலயும் போய் நின்னா, தப்பா ரிப்போர்ட் போட்டவ இவதான்னு பாக்குதாவ." நாளைக்கே சொல்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அன்று சாயங்காலம் காகிதமும் எடுத்து வைத்தேன். 'ஐயா' என்று எழுதியதற்கு மேல் ஒரு வரி போகவில்லை. சத்து மாத்திரையும் மருந்தும் வித்தியாசம் தெரியாத முட்டாள் என்று என்னைப் பற்றி நானே எழுத வேண்டும். திங்கட்கிழமை என்று நினைத்தேன். பிறகு ஓணம் கழித்து. பிறகு நினைப்பதையும் விட்டேன்.

அவர் திரும்பக் கேட்கவே இல்லை. மூன்று வருஷம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தார், ரத்தம் எடுத்தார், ராஜத்திடம் சிரித்துப் பேசினார், போனார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை. சில நாள் அவர் மன்னித்துவிட்டார் என்று நினைப்பேன். சில நாள், குத்திக் காட்டுகிறார் என்று. அவர் படியிறங்கிப் போகிறவரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது.

இந்த வருஷத்து இடவப்பாதிப் பருவமழையில் நம் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நின்றது. அதற்குள் இறங்கித்தான் அவர் வீடு வீடாகப் போனார். எலிக்காய்ச்சல் அப்படிப்பட்ட தண்ணீரில் வரும் என்கிறார்கள். கரமனையில் அவர் வீட்டு வாசலிலும்தான் தண்ணீர் நின்றதாம். எந்தத் தண்ணீர் என்று யாரும் சொல்ல முடியாது. மேசையில் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, நானும் எத்தனையோ தடவை அந்த வாக்கியத்தை முடிக்காமல் எழுந்துபோயிருக்கிறேன்.

செய்தி வந்த மூன்றாம் நாள் லேபுக்குப் போனேன். முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். என் புகார் தவறு, பகவதி ரிப்போர்ட் சரி என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். "ஏது பராதி, ஸ்வாமீ?" எந்தப் புகார் என்று கேட்கிறார். யாரோ ஏதோ சொன்னது நினைவிருக்கிறது, வெளியே போக ஒரு ஆளும் தேவைப்பட்டது, அவ்வளவுதான் என்றார். அலமாரியில் தேடச் சொன்னேன். கடிதம் இல்லை. வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று போனவனுக்கு வாங்கிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

அங்கிருந்து நேரே கரமனைக்குப் போனேன். பகவதியின் கணவர் சுடலைமுத்து சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் வேலை பார்க்கிறவர். உட்காரச் சொன்னார். நான் உட்காராமலே சொன்னேன், பிழை என்னுடையது என்று. அவர் தலையசைத்தார். "தெரியும் சாமி. அவ சொல்லியிருக்கா. நீங்க முதலாளிட்ட எடுத்துச் சொல்லியும் அந்த ஆளு அசையலன்னுதான் அவளுக்கு வருத்தம். சாமி சொன்னா அன்னைக்கே எழுதிப் போட்டிருவாவ, பாவம், அவிய என்ன செய்வாவன்னு சொல்லுவா."

மூன்று வருஷத்துச் சிரிப்பின் பொருள் அது. மன்னிப்பும் இல்லை, குத்தலும் இல்லை. நான் சொல்லிவிட்டேன் என்று நம்பியிருக்கிறார்.

"நான் சொல்லவே இல்லை" என்றேன்.

சுடலைமுத்து என்னைப் பார்த்தார். "அப்பம் அவ இத்தனை நாளும் முதலாளியை ஏசுனது..." என்றார். உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன்.

பகவதியை அறிந்தவர்களே, அவர் ரிப்போர்ட்டில் பிழை இருந்ததே இல்லை. இதை நீங்கள் உங்கள் வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்ல வேண்டும். நான் கெடுத்தது வாய்ப்பேச்சாலும்தான், அதனால் இப்படி எழுத்தில் திருத்தினால் மட்டும் போதாது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, நான் சொன்னதைச் செய்கிறவன் என்று அவர் வைத்திருந்த எண்ணம். அது நான் சம்பாதித்தது அல்ல. திருப்பிக் கொடுக்கவும் ஆள் இல்லை.