இருபத்தொன்பதாம் நாள்

மானிப்பாயில் என் போன் கடைக்கு வரும் பஸ் கொண்டக்டர் அவர். செத்துப்போன மகளின் போனை லேஞ்சியில், அந்தக் கைக்குட்டையில், சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

"பிள்ளையின்ரை முகநூல் கணக்கை அழிச்சுவிடுங்கோ தம்பி. பிறந்தநாளுக்குச் சனம் வாழ்த்துப் போடுது. மனிசி பார்த்து அழுகிறா."

அழித்தேன். "முப்பது நாளிலை எல்லாம் போயிடும் அண்ணை. இடையிலை திறந்தால் திரும்பி வந்திடும்."

"செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டிக் கிரியையும் முப்பத்தோராம் நாள்தானே" என்றார்.

அடுத்த மாதமும் அழிக்க வந்தார். இருபத்தொன்பதாம் நாள் திறந்துவிட்டாராம். அதற்கடுத்த மாதமும் அதே கதை.

"விருப்பமில்லையெண்டால் விடுங்கோவன்" என்று சினந்தேன்.

"அழிக்கத்தான் வேணும் தம்பி. அழிச்சால்தானே, திறக்கேக்கை 'மீண்டும் வருக' எண்டு பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுது."

அழித்துக் கொடுத்தேன். போனை லேஞ்சியில் சுற்றிக்கொண்டு, விரலில் நாள் எண்ணியபடி படியிறங்கினார்.