எமர்ஜென்சி ஸ்டாப் வைத்த விமானம்

எங்கள் மேனேஜர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை விமானத்தில் போனவர். மெட்ராஸிலிருந்து பம்பாய்க்கு. அந்த போர்டிங் பாஸைக் கண்ணாடி போட்டு, ஓசூர் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்கு அடுத்தபடியாக மாட்டியிருந்தார். சாமி படங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் கவனிப்பு. இதைத் தினமும் துடைப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. விளையாட்டு என்று சொல்லிவிட்டால் அவருக்கு முகம் மாறிவிடும், "சிமுலேட்டர்" என்று திருத்துவார். ஆனால் கீபோர்டைத் தட்டி விமானம் ஓட்டுவது அவருடைய அந்தஸ்துக்குப் போதவில்லை. விமானிக்கு முன்னால் இருப்பதுபோல் சுவிட்சும் மீட்டரும் விளக்குமாக ஒரு பேனல் வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசைப்பட்டது அவர். ஞாயிற்றுக்கிழமைகள் போனது எனக்கு.

எங்கள் தொழிற்சாலையில் மெஷின்களுக்கான கண்ட்ரோல் பேனல் கட்டுவோம். நான் அதில் வயரிங் செய்கிறவன், கேஷுவல். கேஷுவல் என்றால், ஆறு மாதம் வேலை பார்த்ததும் நாலு நாள் 'பிரேக்' கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஐந்தாம் நாள் புதிதாகச் சேர்ந்தவனைப்போல எடுத்துக்கொள்வார்கள். நாலு வருஷத்தில் எட்டு முறை அதே தொழிற்சாலையில் நான் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எட்டு முறையும் தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று அதே ஆள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

பிரசவத்துக்காக ஊத்தங்கரைக்குப் போன என் மனைவி திரும்பி வரவில்லை. வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, மாமனார்தான் அனுப்பவில்லை. நான் போகும்போதெல்லாம் சாப்பாடு போட்டுவிட்டு ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"தப்பா நெனைக்காதீங்க மாப்ளே. ஆறு மாசம் வேல, நாலு நாளு வீடுன்னா அது என்னா வேல? பெர்மனென்ட் ஆவட்டும். நானே பஸ் ஏத்திக் கூட்டியாந்து உடறேன்."

குழந்தைக்கு ஒன்றரை வயது ஆகியிருந்தது. என்னைப் பார்த்தால் பயந்து அழுதது. அந்த அழுகையைக் கேட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் உட்கார்ந்து திரும்புவது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இதை நீட்டா முடிச்சுக் குடுப்பா. உன் கன்ஃபர்மேஷனை நான் பாத்துக்கறேன்" என்றபோது, எனக்கு அந்த ஆளைக் கண்டால் ஆகாது என்பதையும் மறந்து தலையாட்டினேன்.

வேலை தொடங்கியது. பழைய பேனல் கதவு ஒன்றை ஸ்கிராப் என்று கேட் பாஸ் போட்டு வெளியே கொண்டுவந்தார். நாற்காலி, பட்டறையில் கிடந்த ஒரு வேனின் டிரைவர் சீட். மீட்டர்கள்தான் பெரிய கூத்து. விமான மீட்டருக்கு எங்கே போவது? கழித்துப்போட்ட ஆம்பியர் மீட்டர்களையும் வோல்ட் மீட்டர்களையும் வரிசையாகப் பதித்தோம். அறுபது ஆம்பியர் வரை காட்டும் மீட்டரின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி 'உயரம்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். முள் நகராது. நகராவிட்டால் என்ன, அவரும் அந்த நாற்காலியை விட்டு எங்கும் போகப்போவதில்லை.

ஒரு கீபோர்டைப் பிரித்து, உள்ளே இருந்த பலகையிலிருந்து ஒயர் இழுத்து, சக்கரத்தை இறக்குவதற்கும் இறக்கையின் பின்மடலை இறக்குவதற்கும் புஷ் பட்டன் வைத்தேன். அது சுலபமான வேலை இல்லை. தலைமயிர் மாதிரி இருக்கும் தடத்தில் ஈயம் வைக்க வேண்டும், கொஞ்சம் சூடு அதிகமானால் தடமே உரிந்து வந்துவிடும். நான் உரிக்கவில்லை. அவர் பின்னால் நின்று ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். கூடத்துக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். அவர் மனைவி சமையலறையிலிருந்து, "கேப்டன், சாப்பிட வரீங்களா?" என்று கூப்பிடுவார். கேலியாகக் கூப்பிடுகிறாரா நிஜமாகவா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மேனேஜருக்குச் சந்தேகமே வரவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய சிவப்புப் பட்டனை எடுத்துவந்து என் கையில் வைத்தார். காளான் மாதிரித் தலை பருத்த எமர்ஜென்சி ஸ்டாப். எங்கள் தொழிற்சாலையிலிருந்து அந்தப் பட்டன் இல்லாமல் ஒரு பேனலும் வெளியே போகாது. அமுக்கினால் மெஷின் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

"இதை நடுவுல வை."

"சார், ஏரோப்ளேன்ல இது இருக்குமுங்களா? மேல போறப்ப நின்னுட்டா..."

"பேனல்னா எமர்ஜென்சி ஸ்டாப் இருக்கணும். அது சேஃப்டி. நாலு வருஷமா இதுகூடக் கத்துக்கலையா நீ? டிராயிங்ல இருக்கறதைச் செய். யோசிக்கறதுக்கு நான் இருக்கேன்."

அன்றைக்கு வாயை மூடியவன்தான். நடுவில் ஓட்டை போட்டுச் சிவப்புக் காளானைப் பொருத்தினேன். உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் வந்தது. எவனாவது விவரம் தெரிந்தவன் வந்து பார்க்கட்டும், இந்த ஆள் மூக்குடைபடட்டும் என்று நினைத்துக்கொண்டு மரை முடுக்கினேன்.

அடுத்தது சுவிட்சுகள். மொத்தம் பதினான்கு. பேட்டரி, விளக்கு, எரிபொருள் பம்ப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி பல்பு. அவர் பென்சிலில் வரைந்துகொடுத்த டிராயிங்கில் எல்லாவற்றுக்கும் கீழ்ப்பக்கம் ஆன் என்று அம்புக்குறி போட்டிருந்தார். நம் வீடுகளில் சுவிட்சைக் கீழே தட்டினால்தானே விளக்கு எரியும்? பிறந்ததிலிருந்து கை அப்படிப் பழகியிருக்கிறது. எங்கள் பேனல்களிலும் அப்படித்தான் வைப்போம். ஆனால் அவர் பெங்களூர் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்து என்னிடம் நீட்டிய வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு விமானத்தின் படம் பக்கம் முழுக்க இருந்தது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே ஆன், கீழே ஆஃப் என்று அச்சடித்திருந்தது. அவர் அந்தப் படத்தை நூறு முறை பார்த்திருப்பார். பார்த்தாரே தவிரப் படிக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. சொல்லவில்லை. யோசிக்கத்தான் அவர் இருக்கிறாரே. பதினான்கு சுவிட்சையும் டிராயிங்கில் உள்ளபடி தலைகீழாகப் பொருத்திவிட்டு, டிராயிங்கை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பேனல் முடிந்ததும் எங்கள் ஜெனரல் மேனேஜரை வீட்டுக்குக் கூப்பிட்டார். காலைப் பலகாரத்துக்கு என்று அழைப்பு, காட்டுவதற்கு விமானம். பேனலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். ஜெனரல் மேனேஜர் தனியாக வரவில்லை. பெங்களூரில் இருந்த தன் நண்பர் ஒருவரையும் கூட்டிவந்தார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், நிஜமாகவே விமானம் ஓட்டியவர். அவர் யார் என்று தெரிந்ததும் எங்கள் மேனேஜர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். நான் சுவர் ஓரம் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றுகொண்டு, நேர்ந்துவிட்ட ஆட்டைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரியவர் வேன் சீட்டில் உட்கார்ந்தார். முதலில் எல்லாம் ஆஃப் ஆக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, பழகிய கையால் பதினான்கு சுவிட்சையும் வரிசையாகக் கீழே தள்ளினார். பதினான்கு பல்பும் பளிச்சென்று எரிந்தன. பிறகு எல்லாவற்றையும் மேலே தூக்கினார். அணைந்தது. கன்னட வாடை அடிக்கும் தமிழில், "இது பிளேனா, ஹால் சுவிட்ச் போர்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிவப்புக் காளானைத் தொட்டுப் பார்த்து, "ஆகாசத்துல இதை அமுக்கினா அப்புறம் யாரைக் கூப்பிடறது?" என்றார். ஜெனரல் மேனேஜருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

நான் காத்திருந்த நேரம் அதுதான். ஆனால் அது ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. மேனேஜர் சட்டென்று என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவன்தான் சார் வயரிங். கேஷுவல். ஏம்பா, மேலதான் ஆன்னு உனக்குத் தெரியாதா?"

சட்டைப்பையில் டிராயிங் இருந்தது. அவர் கையெழுத்து, அவர் போட்ட அம்புக்குறி. எடுத்து நீட்டினால் போதும். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். தெரியும் என்று சொன்னால் தெரிந்தே கெடுத்தவன். டிராயிங்கைக் காட்டினால் அந்தக் கணமே மேனேஜருக்கு ஜென்ம விரோதி. ஊத்தங்கரையில் குழந்தை என்னைப் பார்த்து அழும் முகம்தான் என் கண்முன் வந்தது.

"தெரியாதுங்க சார்" என்றேன்.

மேனேஜருக்கு மூச்சு வந்தது. "பாவம் சார், கிராமத்து ஆளு" என்றார்.

ஜெனரல் மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆனா பணிவா இருக்கான். பெர்மனென்ட் லிஸ்ட்ல இருக்கானா?" என்று கேட்டார்.

"ஹெல்பராப் போட்டுக்கலாம் சார். ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறது, பெட்டி தூக்கறதுன்னு பாத்துப்பான். வயரிங்தான் வேணாம், பாத்தீங்களே."

அப்போதும் டிராயிங் பையில்தான் இருந்தது. நான் கையை அந்தப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. நாலு வருஷம் ஒரு ஒயரைத் தப்பாக முடுக்காதவன் நான். அந்த வேலையை விட்டால் எனக்குப் பெருமைப்பட வேறு எதுவும் கிடையாது. அதைத்தான் பலகாரத்தட்டுகளுக்கு நடுவில் கழற்றிக் கொடுத்துவிட்டு நின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவிட்சுகளைத் திருப்பி வைக்கப் போனேன். அரைமணி நேர வேலை. தெரியாதவன் எவ்வளவு நேரம் எடுப்பானோ அவ்வளவு நேரம் எடுத்துச் செய்தேன். முடிந்ததும் மேனேஜர் முதல்முறையாக என்னை அந்தச் சீட்டில் உட்காரச் சொன்னார். கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டியிருந்தார்.

"இப்பச் சொல்லு. எந்தப் பக்கம் ஆன்?"

"மேலங்க சார்."

"கீழ?"

"ஆஃபுங்க சார்."

"இன்னொரு தடவை, போட்டுக் காட்டிச் சொல்லு."

போட்டுக் காட்டிச் சொன்னேன். பதினான்கையும் சொல்ல வைத்தார். சமையலறைக் கதவருகே நின்று அவர் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார், சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அதன் பிறகு மேனேஜர் மேசை டிராயரைத் திறந்து ஒரு நீளக் கவரை எடுத்துக் கொடுத்தார். உள்ளே என் பெயர், முத்திரை, கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக இருந்தன. வயர்மேன் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஹெல்பர் என்று இருந்தது.

அந்த ஆளை நான் இன்றுவரை மதித்ததில்லை. ஆனால் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினேன். "ரொம்ப நன்றிங்க சார்" என்று குனிந்து சொன்னேன், உண்மையாகவே மனசிலிருந்துதான் சொன்னேன். அந்த நன்றியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. கவர் நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஊத்தங்கரைக்குப் போகும் மதிய பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.