ஈயம் இல்லாத ஒரு கிலோ

“டீச்சர், கல்லைக் கவுத்துப் பாத்தீங்களா?”

மெஹருன்னிசா என்னிடம் முதன்முதலில் கேட்ட கேள்வி இது. செவ்வாய்க்கிழமை காலை அவர் மகள் அடையாற்றிலிருந்து அழைத்து, “அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க ஆன்ட்டி” என்றபோது, என் காதில் அந்தக் கேள்விதான் ஒலித்தது.

அதைக் கேட்ட காலத்தில் அவர் எடையளவு ஆய்வாளர். மயிலாப்பூரில் ஒரு தெருவோரக் கடையில் வாங்கிய மீன் எடை குறைகிறது என்று நான் புகார் எழுதியிருந்தேன். அறிவியல் பாடம் நடத்துபவள்தான். ஆனால் எடைக்கல்லைக் கவிழ்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. அந்த இரும்புக் கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் ஊற்றி எடையைச் சரிசெய்து, ஈயத்தின்மேல் அரசு முத்திரை குத்துவார்கள். ஈயத்தைச் சுரண்டி எடுத்தால் எடை குறையும்.

என்னையும் அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். கிலோக் கல்லைக் கவிழ்த்தார். குழியில் கறுப்பு மெழுகு.

“இன்னா மேடம், இன்னும் போணியே ஆவல. கல்ல வெச்சிட்டுப் போய்க்கினே இரு” என்றான் கடைக்காரன்.

“போறேன் நைனா. கல்லும் என்கூட வருது.”

அவன் கல்லைப் பறித்து அந்தக் கல்லாலேயே அவர் முகத்தில் ஓங்கி அடித்தான். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. இரண்டு பற்கள் மீன் செதில்களுக்கு நடுவே விழுந்தன. அடித்த வேகத்தில் கல் அவன் கையிலிருந்து நழுவியது. மெஹருன்னிசா அதன்மேல் குப்புற விழுந்து இறுகப் பிடித்துக்கொண்டார். கல் போனால் வழக்கும் போகும் என்று அவருக்குத் தெரியும்.

“எய்ந்திருடி! கல்லக் குடு!” அவன் அவருடைய விலாவில் மாறி மாறி உதைத்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்த என் மூக்கில் முழங்கையால் இடித்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்துதான் அவனை இழுத்துப் பிடித்தார்கள். அவருடைய சக அலுவலர் வந்து சாக்குப் பையை நீட்டும்வரை, ரத்தம் வழிந்த மெஹருன்னிசாவின் கை கல்லை விடவில்லை.

மருத்துவமனையில் அவர் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பேச முடியாமல், ஒரு துண்டுத்தாளில் “எடை?” என்று எழுதிக் காட்டினார். நூறு கிராம் குறைவு என்றேன். தோள்கள் குலுங்கச் சிரித்தார். வலியில் கண்ணீர் வந்தது. மறுபடி எழுதினார்: “முழுக் கிலோவா இருந்தா செத்திருப்பேன் டீச்சர்!”

அந்தக் கல்லே சாட்சியாகி அவனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தது. அவர் சிரிப்பு மட்டும் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. அவரை அறிந்த உங்களுக்கு அந்தச் சிரிப்பு நினைவிருக்கும். என்னிடம் அந்தத் துண்டுத்தாளும் இருக்கிறது.

அடுத்த முறை தராசில் நிறுத்து வாங்கும்போது, கல்லைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள்.