காப்பக வாசலில் செக்யூரிட்டி

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தை ஓர் அக்கா பார்த்துக்கொண்டார். நல்ல உயரம். மூக்குக்கண்ணாடியை ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். அவசரத்தில் இருக்கும்போது அதைப் பார்த்தால் எரிச்சலாக வரும்.

என் மூன்று வயது மகள் தினமும் காலையில் என் துப்பட்டாவை விடாமல் அழுவாள். இன்னொரு நாள் தாமதமானால் வேலையே இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"ஏதாவது பண்ணுங்கக்கா, டைமாச்சு."

"இரும்மா, யோசிக்கிறேன்ல?"

விசிறியைப் பார்த்து முடித்ததும், பழைய அடையாள அட்டை ஒன்றை மகளின் கழுத்தில் மாட்டினார். "நீதான் இங்க செக்யூரிட்டி. பெரியவங்க யாரையும் உள்ள விடாத, இன்னா?"

அழுகை நின்றது. "நீ போ" என்று எனக்கு வாசலைக் காட்டினாள் மகள்.

மாலையில் அழைக்கப் போனால் வாசலை மறித்தாள். "உள்ள வராத. டூட்டி முடியல." வெளியே எங்களை வீட்டுக்கு ஏற்றிப்போகும் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா, என்னையே தொரத்துறா?"

"அழுதாலும் பேஜாரு, அழலன்னாலும் பேஜாரு. இன்னாதான்மா வேணும் உனக்கு?"

மறுநாளும் மகள் சிரித்துக்கொண்டே என்னை அனுப்பிவிட்டாள். கொஞ்சமாவது அழுவாளோ என்று நான்தான் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"லேட்டாவுது, போம்மா. உனக்கு இன்னா பண்றதுன்னு நாளைக்கு யோசிக்கிறேன்."